பனியில் அமர்ந்து படித்த பிள்ளைகள்: திறந்தவெளிப் பள்ளிகள் காசநோயைக் குணப்படுத்தினவா?

பனிக்காலத்து மொட்டை மாடி. வரிசையாக மேசைகள். கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள், மார்பு வரை மூடும் தடித்த பைகளுக்குள் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுவரும் இல்லை, கணப்பும் இல்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுக்கப்பட்ட இத்தகைய படங்கள் கொரோனா காலத்தில் மறுபடி கைமாறத் தொடங்கின. அவற்றோடு இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து வந்தன. “அன்று காற்றே காசநோய்க்கு மருந்தாக இருந்தது, நாம்தான் மறந்துவிட்டோம்” என்பது ஒன்று. “நோயாளிக் குழந்தைகளைக் குளிரில் போட்டு வதைத்திருக்கிறார்கள்” என்பது மற்றொன்று.

இரண்டுமே படத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்பட்டவை. அந்தப் பள்ளிகளில் காற்றோட்டம், வெயில், ஒரு நாளைக்கு ஐந்து வேளை உணவு, கட்டாய ஓய்வு, சிறிய வகுப்பு, மருத்துவரின் கண்காணிப்பு ஆகிய அனைத்தும் ஒன்றாக நடந்தன. பெயர் கிடைத்தது என்னவோ காற்றுக்கு மட்டும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பிரித்துப் பார்க்க, குழந்தைகளிடம் இந்த நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படை: குழந்தையும் காசநோயும்

1. தொற்று வேறு, நோய் வேறு. நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பவர் உடலில் கிருமி புகுகிறது. இதுதான் தொற்று. பெரும்பாலோரின் உடல் அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கிவிடுகிறது. அடங்கிய கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். அது விழித்துப் பெருகி உடலைச் சிதைக்கத் தொடங்கினால்தான் நோய். 1907-ல் வியன்னாவின் மருத்துவர் பிர்கே கண்டுபிடித்த தோல் பரிசோதனை, தொற்று ஏற்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்தது. அதே நகரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பதினான்கு வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. ஆனால் அவர்களில் மிகச் சிலரே நோயாளிகள்.

2. எந்த வயதில் தொற்று ஏற்படுகிறது என்பது மிக முக்கியம். மருந்து இல்லாத காலத்துப் பதிவுகளின்படி, ஒரு வயதுக்குள் தொற்று ஏற்பட்டால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு நோய் முற்றியது. மூளைக்காய்ச்சலாக மாறி உயிரைக் குடித்ததும் இந்த வயதில்தான் அதிகம். ஐந்து முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளிடமோ நோயாக மாறியது நூற்றுக்கு இரண்டு அளவில்தான். பத்து வயதைத் தாண்டியதும் அது மறுபடி நூற்றுக்குப் பத்து, இருபது என ஏறியது. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

3. சிறு குழந்தை பெரும்பாலும் நோயைப் பரப்புவதில்லை. அதன் நுரையீரலில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு, இருமும் வலுவும் குறைவு. குழந்தைக்கு நோய் வந்திருக்கிறதென்றால், பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ பெரியவர் ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

4. அந்தக் காலத்தில் இரண்டாவது வழியும் இருந்தது: பால். காசநோய் கண்ட பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடித்த ஐரோப்பியக் குழந்தைகளுக்குக் கழுத்தில் நெறிகட்டியது. எலும்பிலும் மூட்டிலும் நோய் இறங்கியது. நம் வைத்தியர்கள் கண்டமாலை என்றது இந்தக் கழுத்து வீக்கத்தைத்தான். மாட்டின் காசநோய் மனிதருக்குப் பெரிய ஆபத்தல்ல என்று 1901-ல் லண்டனில் ராபர்ட் கோக் அறிவித்தார். 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் தவறிவிட்டார். அதை நிலைநாட்ட பிரிட்டனின் அரச ஆணையத்துக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

சானடோரியத்திலிருந்து வகுப்பறைக்கு

கிருமி தெரிந்துவிட்டது, கொல்ல மருந்து இல்லை. 1882-க்கும் 1940-களுக்கும் இடையில் காசநோய் மருத்துவம் நின்ற இடம் இதுதான். எனவே உடலைத் தேற்றினால் உடலே கிருமியை அடக்கிக்கொள்ளும் என்ற வழியை மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஹெர்மன் பிரேமர் 1850-களிலேயே மலைக்காற்றில் நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரத் தொடங்கியிருந்தார். அவரிடமே நோயாளியாக இருந்த பீட்டர் டெட்வைலர், திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்கில் படுத்திருக்கும் ஓய்வு முறையை அதோடு சேர்த்தார். இப்படி நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவ இல்லத்தைக் குறிக்கும் சானடோரியம் என்ற சொல் உலகெங்கும் பரவியது இப்படித்தான்.

நமக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. தமிழரான டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் திறந்தவெளி சானடோரியம் நடத்தியவர். காசநோய் இருப்பதாகக் கருதப்பட்ட கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அவரிடம் சிகிச்சை பெற்றார். சவுரிமுத்து தாயகம் திரும்பி 1928-ல் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். மின்சார ரயில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு நிலையத்தில் நிற்கிறது.

சானடோரியம் பெரியவர்களுக்கானது. குழந்தைகளைப் பொறுத்தவரை கேள்வி வேறு. தொற்று ஏற்பட்டு, இன்னும் நோயாக மாறாமல், மெலிந்து சோகை பிடித்துப் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளையை என்ன செய்வது? பள்ளியை நிறுத்தினால் படிப்பு போகும். நெரிசலான வகுப்பறையில் விட்டால் உடல் போகும் என்று அஞ்சினார்கள். பள்ளியையே காட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் இந்த இக்கட்டில்தான் பிறந்தது.

ஷார்லட்டன்பர்க்கில் ஒரு நாள்

1904 ஆகஸ்ட் 1 அன்று, அப்போது தனி நகராக இருந்து இப்போது பெர்லினுக்குள் அடங்கிவிட்ட ஷார்லட்டன்பர்க்கில், பைன் மரக் காட்டுக்குள் ‘காட்டுப் பள்ளி’ திறக்கப்பட்டது. குழந்தை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பெண்டிக்ஸும் கல்வி அதிகாரி ஹெர்மன் நோய்ஃபெர்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. முதல் பருவம் மூன்று மாதம், பிள்ளைகள் 95 பேர். சோகை, கண்டமாலை, லேசான நுரையீரல் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்களைச் சேர்த்தார்கள். கிருமியை வெளியேற்றும் நிலையில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. அதாவது, “காசநோய்ப் பள்ளி” என்று இன்று நாம் சொல்லும் இடத்தில் முற்றிய காசநோயாளிக் குழந்தைகள் இல்லை.

காலை ஏழே முக்கால் மணிக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முதலில் வகுப்பு இல்லை, ஒரு கிண்ணம் சூப்பும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். எட்டு மணிக்குப் பாடம் தொடங்கும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட இடைவெளி. பத்து மணிக்குப் பாலும் ரொட்டியும். பன்னிரண்டரைக்கு இறைச்சி, காய்கறியுடன் மதிய உணவு. அதன்பின் இரண்டு மணி நேரம் மர நிழலில் சாய்வு நாற்காலியில் கம்பளிக்குள் படுத்திருக்க வேண்டும். பேசக்கூடாது, தூங்கினால் நல்லது. நான்கு மணிக்கு மறுபடி பால், ரொட்டி, ஜாம். பிறகு விளையாட்டு, தோட்ட வேலை. மாலை ஆறே முக்காலுக்கு இன்னொரு சூப். அதைக் குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

பாட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு இரண்டரை மணிதான். ஒரு வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேர். இருந்தும், வழக்கமான பள்ளிக்குத் திரும்பியபோது இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை என்று ஆசிரியர்கள் கண்டார்கள். கல்வி வரலாற்றில் இந்தப் பள்ளிகளுக்கு நிரந்தர இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த அட்டவணையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். காற்று அதில் எங்கும் நேரம் போட்டு வரவில்லை. நேரம் போட்டு ஐந்து முறை வருவது உணவு.

பரவிய வேகம்

1907-ல் லண்டன் மாநகரக் கல்வித் துறை பிளம்ஸ்டெட் பகுதியின் பாஸ்டல் வனத்தில் பிரிட்டனின் முதல் திறந்தவெளிப் பள்ளியை நடத்தியது. நிலத்தை இரவல் கொடுத்தது ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அதே ஆண்டில் பிரான்சின் லியோன் நகரும் தொடங்கியது. பர்மிங்ஹாமில் 1911-ல் உஃப்கல்ம் பள்ளிக்கு கேட்பரி குடும்பம் பணம் கொடுத்தது. 1930-களின் இறுதியில் பிரிட்டனில் மட்டும் பகல்நேரத் திறந்தவெளிப் பள்ளிகளின் எண்ணிக்கை நூற்றை நெருங்கியது. 1922-ல் பாரிஸில் இதற்கென முதல் பன்னாட்டு மாநாடே கூடியது.

பனிப் படங்களுக்குக் காரணம் அமெரிக்கா. ஜெர்மானியர்கள் முதலில் கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் நடத்தினார்கள். அமெரிக்காவின் முதல் திறந்தவெளிப் பள்ளியோ 1908 ஜனவரியில், நடுங்கும் குளிரில், ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் திறக்கப்பட்டது. மருத்துவர்கள் எலன் ஸ்டோனும் மேரி பாக்கர்டும் முன்னின்றார்கள். புதுக் கட்டடம் கட்டவில்லை. பழைய செங்கல் பள்ளிக்கூடம் ஒன்றின் ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டு, மேலே கீல் வைத்துத் தூக்கிவிடக்கூடிய சன்னல்களைப் பொருத்தினார்கள். பிள்ளைகள் போர்வைத் துணியில் தைத்த பைகளுக்குள் உட்கார்ந்தார்கள். காலடியில் சூடாக்கிய மாக்கல் வைக்கப்பட்டது. நம் பாட்டிமார் கல்சட்டி என்று அடுப்பில் ஏற்றிய அதே கல். மெல்லச் சூடேறி, மெல்லவே ஆறும். படத்தில் தெரியாத சங்கதி இதுதான். காற்று குளிர்ந்திருந்தது, பிள்ளையின் உடல் குளிரவில்லை. “வதைத்தார்கள்” என்ற தீர்ப்பு இங்கே அடிபட்டுப் போகிறது.

சிகாகோவில் மொட்டை மாடிகளில் வகுப்புகள் நடந்தன. அங்கே எஸ்கிமோ உடை என்று அழைக்கப்பட்ட, தலையோடு சேர்த்து மூடும் கம்பளி அங்கிகள் தைத்துக் கொடுக்கப்பட்டன.

சுவர்கள் மடங்கிய கட்டடங்கள்

முதல் பள்ளிகளுக்கு ஓர் ஓட்டுக் கொட்டகை போதுமாக இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் கட்டடக் கலைஞர்கள் இதைத் தங்கள் களமாக்கிக்கொண்டார்கள். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

ஆம்ஸ்டர்டாமின் கிளியோ தெருவில் யான் டுய்கர் வடிவமைத்த பள்ளி 1930-ல் முடிந்தது. குடியிருப்புகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே, கான்கிரீட்டும் கண்ணாடியுமாக எழும் அடுக்கு மாடி. ஒவ்வொரு தளத்திலும் வகுப்பறைகளை ஒட்டி ஒரு மூலை முழுவதும் சுவரின்றித் திறந்து கிடக்கும். அதன் பெயரைக் கவனிக்க வேண்டும்: ‘ஆரோக்கியமான குழந்தைக்கான’ திறந்தவெளிப் பள்ளி. நோயாளிப் பிள்ளைக்கு நல்லது என்றால் நல்ல உடம்புள்ள பிள்ளைக்கு ஏன் கூடாது என்ற கேள்வி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அங்கே இன்றும் பள்ளி நடக்கிறது.

பாரிஸை அடுத்த சுரேன் நகரில் மேயர் ஆன்றி செலியே முயன்று கட்டிய பள்ளி 1935-ல் முடிந்தது. வடிவமைத்தவர்கள் யூஜீன் போதுவான், மார்செல் லோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும். தனித்தனி வகுப்பறைகளாக எட்டு. ஒவ்வொன்றிலும் மூன்று பக்கக் கண்ணாடிச் சுவர்கள் விசிறி மடிப்பு போல மடங்கி ஒதுங்கிவிடும். வகுப்பறை தோட்டத்தோடு கலந்துவிடும். குளிர்காலத்திலும் திறந்து வைக்கத் தரைக்கு அடியில் வெப்பமூட்டினார்கள். மூச்சு வாங்கும் பிள்ளைகளும் ஊன்றுகோல் பிடித்த பிள்ளைகளும் ஏறி இறங்க, படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதைகள். முற்றத்தில் பெரிய பூகோள உருண்டை ஒன்று, அதைச் சுற்றி வளைந்து ஏறும் ஒரு நடைபாதை. பிள்ளை நடந்தே உலகைச் சுற்றி வரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பு, மெலிந்த உடலை அளவாக வைத்துக் கட்டிய கட்டடம் அது. இந்த இயக்கம் விட்டுச் சென்றவற்றில் மிக உயர்ந்தது என்று நான் கருதுவது இதைத்தான்.

எது வேலை செய்தது?

பிள்ளைகள் தேறினார்கள், எடை கூடியது, கன்னத்தில் சிவப்பு ஏறியது என்று பள்ளிகள் பெருமையுடன் அறிக்கை கொடுத்தன. பொய் அல்ல. ஆனால் எடை கூடியதற்குக் காரணம் எது என்று அந்த அறிக்கைகளால் சொல்ல முடியாது. அதே நிலையில் உள்ள இன்னொரு கூட்டத்துப் பிள்ளைகளை வழக்கமான பள்ளியில் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. இன்று தெரிந்தவற்றை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. வயது. ஐந்து முதல் பத்து வயதில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் நோயாளி ஆகிறார்கள் என்று மேலே பார்த்தோம். இந்தப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி இந்த வயதும் இதை ஒட்டிய வயதும். ‘காசநோய்க்கு முந்தைய நிலை’ என்று முத்திரை குத்திச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், எந்தப் பள்ளியில் இருந்திருந்தாலும் காசநோயில் விழுந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது பசியும் சோகையும். “எங்களிடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு நோய் முற்றவில்லை” என்ற பெருமையில் பெரும்பங்கு இயற்கைக்குச் சேர வேண்டும்.

2. வெயில். தோல் காசநோய்க்கு ஒளிக்கதிர் சிகிச்சை கண்ட நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லெசான் மலையூரில் ஆகுஸ்ட் ரோலியே, எலும்பில் காசநோய் கண்ட குழந்தைகளை வெயிலில் படுக்கவைத்துச் சிகிச்சை தந்தார். ஐரோப்பிய நகரக் குழந்தைகளுக்கு வெயில் உறுதியாகச் செய்த நன்மை வேறொன்று: வைட்டமின் டி குறைந்து எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் போக்கியது. புகை மண்டிய தொழில் நகரத்துப் பிள்ளைக்கு அது சிறிய வரம் அல்ல. ஆனால் நுரையீரலில் உள்ள கிருமியை வெயில் கொன்றது என்று சொல்ல இடமில்லை.

3. காற்று. சுத்தமான காற்று, நோய் கண்ட நுரையீரலை ஆற்றும் என்று அவர்கள் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காற்று வேறொரு வேலையைச் செய்கிறது: கிருமியைக் கலைத்து, நீர்க்கச் செய்து, அடுத்தவர் மூச்சில் ஏறாமல் தடுக்கிறது. இது உறுதியானது வெகு பின்னால். 1950-களின் இறுதியில் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில், காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் கினிப் பன்றிகள் இருந்த கூண்டறைக்குள் செலுத்தினார்கள் ஆய்வாளர்கள் வெல்ஸும் ரைலியும். நோயாளிகளை நேரில் கண்டே இராத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. 2007-ல் பெருவின் லீமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இன்னும் கண்கூடானது. சன்னலையும் கதவையும் திறந்தால் அறைக் காற்று மணிக்கு 28 முறை மாறியது. விலையுயர்ந்த இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் அது 40 வரை போனது. ஆக, திறந்த வகுப்பறை நோயைக் குணப்படுத்தாது. நோய் பரவுவதைக் கடினமாக்கும். இந்தப் பாடம் காசநோய்க்கு மட்டுமல்ல, தட்டம்மைக்கும் கொரோனாவுக்கும் பொருந்தும். வெளியே மாடியும் மரத்தடியும் இருக்க, சன்னலை அடைத்துக் குளிர்சாதனம் ஓடும் வகுப்பறையை ‘வசதி’ என்று விளம்பரப்படுத்தும் பள்ளிகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் திறந்தவெளிப் பள்ளியின் விஷயத்தில் ஒரு சிக்கல். அங்கே இருந்தவர்கள் குழந்தைகள். குழந்தை பெரும்பாலும் பரப்புவதில்லை. பரப்பக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தார்.

4. உணவும் ஓய்வும். எஞ்சியது இதுதான். இதற்குச் சான்று கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கடைசியில் வருவோம்.

இரவு என்னும் ஓட்டை

ஷார்லட்டன்பர்க் பிள்ளைகள் மாலை சூப்பைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். எந்த வீட்டுக்கு? அப்பாவோ அத்தையோ இருமிக்கொண்டிருக்கும் ஒற்றை அறைக்கு. பகல் பதினொரு மணி நேரம் பைன் காட்டுக் காற்று. இரவு முழுவதும் அடைத்த அறையில், ஒரே கட்டிலில் நான்கு பேர். தொற்று நடக்கும் இடத்தைப் பள்ளி தொடவே இல்லை. அன்றைய மருத்துவர்கள் சிலருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. இந்த ஓட்டையை அடைக்க மூன்று வழிகளில் முயன்றார்கள்.

முதலாவது, குழந்தையை வீட்டிலிருந்தே பிரிப்பது. பிரான்சில் மருத்துவர் கிரான்ஷே 1903-ல் தொடங்கிய அமைப்பு, காசநோய் உள்ள பெற்றோரின் இன்னும் நோய் தொடாத குழந்தைகளைக் கிராமத்துக் குடும்பங்களில் வளரவிட்டது. இரண்டாவது, அமெரிக்காவில் பெருகிய தடுப்பு இல்லங்கள். அங்கே பிள்ளைகளை மாதக்கணக்கில் தங்கவைத்தார்கள். இவை தொற்றைத் தடுத்திருக்கக்கூடும். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது குழந்தை. ஆறு வயதுப் பிள்ளை, தான் செய்த தவறு என்னவென்று தெரியாமல், தாயின் முகத்தை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் நிலை. பிரிக்கப்படுவது எப்போதும் ஏழை வீட்டுக் குழந்தை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி லண்டனின் டெட்ஃபோர்டில். சேரிப் பிள்ளைகளுக்காக உழைத்த மார்கரெட் மக்மில்லனும் அவருடைய அக்கா ரேச்சலும் 1911-ஐ ஒட்டி இரவு முகாம் தொடங்கினார்கள். பிள்ளைகள் மாலையில் வந்து, குளித்து, திறந்தவெளியில் படுத்து உறங்கி, காலை உணவுக்குப் பிறகு பள்ளிக்குப் போவார்கள். ஓட்டை இருப்பது இரவில் என்று சரியாகக் கண்டு, தாயிடமிருந்து பிள்ளையைப் பறிக்காமலே அதை அடைக்கப் பார்த்தவர்கள் அந்த இரண்டு பெண்களும்.

பள்ளிகள் ஏன் மறைந்தன?

காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசேஷன் பரவியதும் கண்டமாலையும் எலும்புக் காசநோயும் குறைந்தன. 1921-ல் முதல்முறை குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்து, 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் வீரியமுள்ள கிருமி கலந்துபோய் 72 குழந்தைகள் இறந்ததால் தடுமாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகம் பிடித்தது. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியாசிட். கிருமியைக் கொல்லும் மருந்து கடைசியில் கிடைத்துவிட்டது.

சானடோரிய முறைக்கு முடிவுரை எழுதப்பட்டது சென்னையில். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில்: நல்ல உணவு, படுக்கை ஓய்வு, காற்றோட்டம். மறுபாதி தங்கள் நெரிசலான வீடுகளில்: குறைந்த உணவு, வழக்கமான வேலை. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே, ஓராண்டு. 1959-ல் முடிவு வெளியானபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகக் குணமடைந்திருந்தன. அதைவிட வியப்பு, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றும் தன்மை விரைவாக அடங்கியது. இருமுபவரையும் குழந்தையையும் பிரிக்கத் தேவையில்லை, இருமுபவருக்கு மருந்து கொடுத்தால் போதும் என்றானது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. அவற்றின் வழிவந்த திறந்தவெளிப் பள்ளிகளில் சில, ஆஸ்துமா பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு 1970-கள் வரை ஓடின. பிறகு அவையும் நின்றன.

உணவு திரும்பி வந்த கதை

சென்னை ஆய்வை அரைகுறையாகப் படித்தவர்கள், காசநோயில் உணவு பொருட்டே அல்ல என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மருந்து கிடைக்கும் நோயாளி குணமடைய, சானடோரிய உணவு கட்டாயமில்லை என்பதுதான் அதன் முடிவு. தொற்று ஏற்பட்டு இன்னும் நோயாளி ஆகாதவர்களைப் பற்றிய கேள்வி, அதாவது திறந்தவெளிப் பள்ளிப் பிள்ளைகளின் கேள்வி, விடையில்லாமல் கிடந்தது.

விடை 2023-ல் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய ஆய்வில் 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மறு பிரிவில் வீட்டார் அனைவருக்கும். வீட்டார் அனைவருக்கும் கொடுத்த பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயோ 48 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று, 1959-ன் அதே சென்னை மையம். இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

உலகில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் குழந்தைகளுக்குக் காசநோய் வருகிறது. மருந்து இருக்கிறது. நோய் கடுமையாகாத குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாத மருந்தே போதும் என்பதும் 2022-ல் வெளியான ஆய்வில் உறுதியாகிவிட்டது. அந்த ஆய்வு நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று.

ஜார்க்கண்ட் வீடுகளுக்குப் பெரியவர் ஒருவருக்கு மாதம் போய்ச் சேர்ந்தது 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். ஷார்லட்டன்பர்க்கில் காலை ஏழே முக்காலுக்குக் கொடுத்த சூப், பிள்ளை காட்டுக்கு வந்தால்தான் கிடைத்தது. இந்த அரிசி, இருமல் கேட்கும் அந்த அறைக்கே போனது.